தொங்கிய வலது கை: புய நரம்புப் பின்னல் காயத்தில் பல்துறைக் குழுவின் மதிப்பீடும் சிகிச்சையும் – ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் 27 வயது ஆண். லேத் இயந்திரம் ஓட்டுபவர். வலக்கைப் பழக்கம் உடையவர். இவர் தனியொரு மனிதர் அல்லர். இவ்வகைக் காயத்துடன் வருவோரிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் போக்குகளைக் கோத்து ஒரே ஆளின் வரலாறாக இங்கே எழுதியிருக்கிறேன். பல துறை மருத்துவர்கள் சேர்ந்து பார்க்கும் பிரிவுக்கு அனுப்பப்படும் நோயாளி, அங்கே எதற்காக இத்தனை பேர் தம்மைத் தொட்டுப் பார்க்கிறார்கள், எதற்காகச் சில முடிவுகள் உடனே எடுக்கப்படாமல் வாரக்கணக்கில் தள்ளிப்போகின்றன என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால் அவருடைய அலைக்கழிப்பில் பாதி குறையும் என்பது என் அனுபவம்.

காயம் ஏற்பட்ட விதம்

இருசக்கர வாகனம் சறுக்கியதில் இவர் வலது தோள் தரையில் மோதும்படி விழுந்தார். தோள் கீழே அழுந்த, தலை இடப்பக்கம் ஒடிந்ததுபோல் சாய்ந்தது. கழுத்துக்கும் தோளுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு நொடியில் நீண்டு, அவற்றின் நடுவே ஓடும் நரம்புகள் இழுபடும் இந்தக் கோணம்தான், கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகளின் வலையான புய நரம்புப் பின்னலின் மேற்பகுதியைக் கிழிக்கும் கோணம். முதலில் சேர்க்கப்பட்ட மருத்துவமனையில் காறை எலும்பு முறிவு கண்டறியப்பட்டு ஸ்லிங் போடப்பட்டது. கை ஏன் தூக்க வரவில்லை என்று கேட்டதற்கு, நரம்பில் வீக்கம், தானாக வடிந்துவிடும் என்ற பதில் கிடைத்தது. ஐந்தாம் நாள் வீடு திரும்பியவர், அடுத்த ஆறு வாரங்கள் தினமும் போய் கைக்குக் கரண்ட் வைத்துக்கொண்டார். ஏழாம் வாரத்தில்தான் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

‘வீக்கம், வடிந்துவிடும்’ என்பது முற்றிலும் தவறான பதில் என்று சொல்ல மாட்டேன். நரம்புக் காயங்களை 1943இல் செடன் என்ற மருத்துவர் மூன்று வகையாகவும், 1951இல் சண்டர்லேண்ட் என்ற மருத்துவர் ஐந்து படிகளாகவும் பிரித்தார்கள். அவற்றுள் மிக இலேசான வகையில் நரம்பு அறுபடுவதில்லை, சில வாரங்களிலோ இரண்டு மூன்று மாதங்களிலோ முழுவதும் திரும்பிவிடும். ஆனால், முதல் நாளில் எல்லா வகையும் ஒன்றுபோலவே தெரியும். எனவே காத்திருக்கச் சொல்வது தவறன்று. எதுவரை, எதை எதிர்பார்த்து, எந்தத் தேதியில் மறுபடி சோதித்துப் பார்ப்பதற்காக என்று சொல்லாமல் காத்திருக்கச் சொல்வதே தவறு.

முடக்கம் எங்கே?

வாதம் என்ற சொல்லைக் கேட்டவுடன் எவர் மனமும் மூளைக்குத்தான் போகிறது. குழுவின் நரம்பியல் மருத்துவர் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வியோ, மூளையிலிருந்து தசைவரை நீளும் பாதையில் அறுந்த இடம் எது என்பது. மூளையிலோ தண்டுவடத்திலோ பாதிப்பு இருந்தால், நாள்பட நாள்பட தசை விறைக்கும், அனிச்சைத் துடிப்புகள் கூடும். வெளி நரம்பு அறுந்திருந்தால் தசை துவளும், மெலியும், துடிப்பு மறையும். இவருடைய வலது கை துவண்டு தொங்கியது; முழங்கை மடிப்பில் சுத்தியலால் தட்டியபோது எந்த எழுச்சியும் இல்லை. அதோடு விட்டுவிடாமல் மருத்துவர் இரு கால்களையும் நெடுநேரம் சோதித்தார். கையில்தானே கோளாறு என்று நோயாளி சற்று எரிச்சல்பட்டார். கழுத்தில் நரம்பு வேர் பிய்ந்து வரும்போது தண்டுவடமும் அடிபட்டிருக்கலாம், அதன் தடயம் காலில்தான் முதலில் தெரியும் என்று விளக்கியபின் அமைதியானார். கால்கள் இயல்பாக இருந்தன.

தசை தசையாக

அடுத்து இயன்முறை மருத்துவர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு தசையையும் தனியே இயக்கச் சொல்லி, 0 முதல் 5 வரை உள்ள எம்.ஆர்.சி. அளவுகோலில் எண் இடுவது இந்தச் சோதனை. 0 என்றால் அசைவே இல்லை, 1 என்றால் தசையில் ஒரு துடிப்பு மட்டும், 3 என்றால் புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க முடிகிறது, 5 இயல்பு. தோளை மூடி நின்று கையைத் தூக்கும் டெல்டாய்டு 0, தோளை வெளிப்புறம் திருப்பும் தசைகள் 0, முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் 0. முழங்கையை நீட்டும் ட்ரைசெப்ஸ் 4. மணிக்கட்டும் விரல்களும் ஏறக்குறைய இயல்பு. பிடி நன்றாகவே இருந்தது.

இங்கே ஒரு சிறு சம்பவம். “முழங்கை மடங்குது, பாருங்க” என்று நோயாளி கையை மேசைமீது வைத்து மெல்ல இழுத்துக் காட்டினார். உடன் வந்த தம்பியின் முகம் மலர்ந்தது. இயன்முறை மருத்துவர் ஒரு கையால் அவர் விரல்களைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரலை பைசெப்ஸ் நாணின்மேல் வைத்து, மறுபடி மடக்கச் சொன்னார். கை அசையவே இல்லை. மணிக்கட்டை மடக்கும் தசைகள் முழங்கைக்குச் சற்று மேலிருந்து தொடங்குவதால், விரல்களை இறுக மூடிக்கொண்டால் அவை முழங்கையையும் கொஞ்சம் இழுத்துத் தரும். அந்தத் தந்திரத்தை உடல் தானாகவே கற்றுக்கொண்டிருந்தது. வேறொருவர் அதை ‘முன்னேற்றம்’ என்று எழுதியிருந்தால் அறுவைச் சிகிச்சை மேலும் சில மாதங்கள் தள்ளிப்போயிருக்கும்.

பின்னல், தண்டுவடத்திலிருந்து கிளம்பும் ஐந்து நரம்பு வேர்களால் ஆனது: சி5, சி6, சி7, சி8, டி1. தோளும் முழங்கை மடக்கலும் போய், கை விரல்கள் தப்பியிருந்தால் காயம் சி5, சி6 வேர்களில் என்பது தெளிவு. ஆனால் இரண்டு வேர்களும் எந்த இடத்தில் அறுந்தன என்பதே சிகிச்சையைத் தீர்மானிக்கும். முதுகெலும்புக்கு வெளியே அறுந்திருந்தால், மேல் முனை உயிரோடு இருக்கும். அதிலிருந்து ஒட்டு நரம்பு வைத்துப் பாலம் போடலாம். தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்டிருந்தால் ஒட்டுவதற்கு முனையே கிடையாது. சி5 வேரிலிருந்து நரம்பு பெறும் ராம்பாய்டு தசை, அதாவது தோள்பட்டை எலும்பை முதுகெலும்பை நோக்கி இழுப்பது, பலவீனமாக இருந்தாலும் இயங்கியது; ஆகவே சி5 வேர் தண்டுவடத்தை விட்டுப் பிரியவில்லை என்று எண்ண இடமிருந்தது. சி6 பற்றிச் சந்தேகம் நீடித்தது.

அவருடைய முன்கையின் வெளிப்பக்கத்தில் ஒரு பழுப்புத் தழும்பு இருந்தது. இஸ்திரி போடும்போது சட்டையை நகராமல் வைக்க அந்தக் கையை மேசைமேல் கிடத்தியிருக்கிறார். பெட்டி பட்டது தெரியவில்லை, தோல் கருகிய வாசனை வந்த பிறகே பார்த்திருக்கிறார். அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர் தம் குறிப்பேட்டில் முதலில் எழுதியது அதைத்தான். உணர்வற்ற தோலைக் கண்ணால் காவல் காக்கும் பழக்கம் அன்றே கற்பிக்கப்பட்டது.

மரத்த கட்டைவிரல், இயல்பான மின் அலை

மின்சோதனை இரண்டு பகுதி கொண்டது. முதலாவது, தோல்மேல் சிறு மின்னதிர்வு கொடுத்து நரம்பு அதைக் கடத்தும் வேகத்தையும் அளவையும் பார்ப்பது. இரண்டாவது, மெல்லிய ஊசியைத் தசைக்குள் செலுத்தி அதன் மின்னோசையைக் கேட்பது. ஊசி வலிக்கும்; வலிக்காது என்று நாங்கள் பொய் சொல்வதில்லை. நரம்பு அறுந்த தசையில் தன்னிச்சையான சிறு மின்துடிப்புகள் தோன்ற இரண்டு மூன்று வாரங்கள் ஆகும் என்பதால், காயம்பட்ட மறுநாளே இந்தச் சோதனையைச் செய்வதால் அதிகப் பயன் இல்லை. மூன்று நான்கு வாரங்கள் கழித்துச் செய்வதே வழக்கம். இவருக்கு அந்தக் காலம் ஏற்கெனவே கடந்துவிட்டிருந்தது.

டெல்டாய்டிலும் பைசெப்சிலும் நரம்பற்ற தசையின் துடிப்புகள் நிரம்பியிருந்தன. முயன்று இயக்கச் சொன்னபோது, கட்டளை வந்து சேர்ந்ததைக் காட்டும் ஒரு துடிப்புகூட எழவில்லை. ஆனால் கட்டைவிரலின் உணர்நரம்பைச் சோதித்தபோது மின் அலை ஏறத்தாழ முழு அளவில் வந்தது. விரல் மரத்திருக்கிறது, நரம்பு இயல்பாகக் கடத்துகிறது. நோயாளிக்கு இது நல்ல செய்திபோல் தோன்றியது. உண்மையில் இது கெட்ட செய்தி. உணர்நரம்பின் உயிரணுக்கள் தண்டுவடத்துக்கு வெளியே உள்ள ஒரு கணுவில் இருக்கின்றன. வெட்டு அந்தக் கணுவுக்கு வெளியே விழுந்திருந்தால், 1850இல் உடலியல் அறிஞர் வாலர் விவரித்த முறையில், கீழ்ப்பகுதி சிதைந்து மின் அலை மறைந்திருக்கும். அலை உயிரோடு இருக்கிறது, ஆனால் செய்தி மூளைக்குப் போகவில்லை என்றால், அறுந்தது கணுவுக்கு உட்புறத்தில். அதாவது சி6 வேர் தண்டுவடத்திலிருந்தே பிய்ந்துவிட்டது. எட்டாம் வாரம் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அந்த வேர் வெளியேறும் இடத்தில் தண்டுவட நீர் பை போலப் பிதுங்கியிருந்தது. அந்தப் பை மட்டும் இருந்தால் முடிவாகச் சொல்லிவிட முடியாது. மின்சோதனையோடு சேர்த்துப் படித்தபோது ஐயம் தீர்ந்தது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி எடுத்த மார்பு எக்ஸ்ரேயில் உதரவிதானம் இருபுறமும் சமமாக இறங்கியது; கழுத்திலிருந்து அதற்குப் போகும் நரம்பு தப்பியிருந்தது. நாடித்துடிப்பும் இரு மணிக்கட்டிலும் சமம்; கையின் பெரிய இரத்தக்குழாய் அடைபட்டதாகத் தெரியவில்லை.

அந்தச் சந்திப்பிலேயே அவர் கேட்டார்: “டாக்டர், ராத்திரியெல்லாம் கை எரியுது, ஷாக் அடிச்ச மாதிரி வெட்டி வெட்டி இழுக்குது. வலிக்குதுன்னா நரம்பு உயிரோட இருக்குன்னுதானே அர்த்தம்?” இந்தக் கேள்வியை இவ்வகை நோயாளிகளில் பலர் கேட்கிறார்கள், சிலர் வலி குறைந்துவிட்டால் நரம்பும் செத்துவிடும் என்றஞ்சி மாத்திரையை விழுங்காமல் ஒளித்து வைக்கிறார்கள். வேர் பிடுங்கப்பட்டபின் எழும் வலி, செய்தி வராமல் போன தண்டுவட உயிரணுக்கள் தாமாகவே கொந்தளிப்பதால் வருவது. அது குணமாவதன் அடையாளம் அன்று. சாதாரண வலிமாத்திரைகள் இதற்குப் பெரிதாக உதவா. வலி மருத்துவர் நரம்பு வலிக்குத் தரப்படும் பிரிகாபாலினைச் சிறு அளவில் தொடங்கி, இரவில் அதே நோக்கத்துக்கான அமிட்ரிப்டிலினும் சேர்த்தார். வலி பாதிக்குமேல் தணிந்தது, முழுவதும் போகவில்லை.

குழுக் கூட்டம்

ஒன்பதாம் வாரம் எல்லோரும் ஒரே அறையில் அமர்ந்தார்கள். பல்துறைக் குழு என்றால் எல்லோரும் ஒரே குரலில் பேசுவார்கள் என்று நோயாளிகள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, இருக்கவும் கூடாது. சி6 திரும்பப் போவதில்லை என்பதால் காத்திருக்கக் காரணமே இல்லை என்றார் அறுவை மருத்துவர். சி5 பாதியளவு அறுந்திருந்தால் டெல்டாய்டு தானாக வரலாம், அதைத் தொட்டுக் கெடுக்கக் கூடாது என்றார் மின்சோதனை மருத்துவர். தோள்மூட்டு இப்போதே இறுகத் தொடங்கியிருக்கிறது, இறுகிய மூட்டில் எந்த நரம்பை இணைத்தாலும் பயன் இல்லை என்றார் இயன்முறை மருத்துவர். அவர் சொன்னதற்கு மறுப்பே இல்லை.

எல்லோருடைய பேச்சுக்கும் பின்னணியில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். தசையோ நரம்பின் வருகைக்காக முடிவில்லாமல் காத்திருக்காது; 12 முதல் 18 மாதங்களுக்குள் நரம்பு வந்து சேராவிட்டால், நரம்பை ஏற்கும் முனைகள் அழிந்து, தசை நாரும் கொழுப்புமாக மாறிவிடும். கழுத்தில் ஒட்டு நரம்பு வைத்தால் பைசெப்சை எட்ட 25 செ.மீ.க்கும் மேல் வளர வேண்டும். தொடக்கத் தாமதத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ பத்து மாதங்கள். காயத்துக்குப் பின் கழிந்த மாதங்களையும் கூட்டினால் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுவதுபோல் ஆகிவிடும். இதற்கு மாற்று, நன்றாக இயங்கும் அண்டை நரம்பிலிருந்து ஓர் இழைக்கற்றையைப் பிரித்து, செயலிழந்த தசையின் வாசலுக்கே கொண்டுபோய் இணைப்பது. தூரம் சில சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது.

பன்னிரண்டாம் வாரம் மீண்டும் தசைச் சோதனையும் ஊசிச் சோதனையும் செய்வது, அதற்குள் அசைவு தெரியாவிட்டால் பதினைந்தாம் வாரம் அறுவைச் சிகிச்சை செய்வது என்று முடிவாகி, இரண்டு தேதிகளும் அன்றே எழுதிக் கொடுக்கப்பட்டன. அறுவை மருத்துவர் நோயாளியை உட்கார வைத்து, கிடைக்க வாய்ப்புள்ளது முழங்கை மடக்கலும் ஓரளவு தோள் தூக்கலும் மட்டுமே, விபத்துக்கு முந்தைய கை திரும்பாது என்று சொன்னார். கை வருமா, வராதா என்ற ஒற்றைக் கேள்வியோடு வந்தவருக்கு, எந்த அசைவு, எத்தனை மாதத்தில், எந்த நரம்பைக் கடன் வாங்கி என்ற மூன்று கேள்விகளாக அது பிரிந்தது அன்றுதான்.

இடைப்பட்ட வாரங்களில் அவர் செய்ய வேண்டியிருந்தது சலிப்பூட்டும் வேலை: இடக்கையால் வலக்கையைத் தூக்கி, தோளையும் முழங்கையையும் நாள்தோறும் முழு வீச்சுக்கு அசைத்து வைப்பது. கரண்ட் வைப்பதைத் தொடரலாமா என்று கேட்டார். பிய்ந்த வேரை அது ஒட்டவைக்காது, அந்த நேரத்தை மூட்டுக்குக் கொடுங்கள் என்றோம்.

அறுவைச் சிகிச்சை

பன்னிரண்டாம் வாரமும் எண்கள் 0ஆகவே இருந்தன. பதினைந்தாம் வாரம் ஏழு மணி நேர அறுவைச் சிகிச்சை நடந்தது. நரம்பைத் தூண்டித் தசை துடிப்பதைப் பார்த்தே வழி தேட வேண்டியிருப்பதால், மயக்க மருந்து நிபுணர் நீண்ட நேரம் தசையைத் தளர்த்தும் மருந்தைத் தவிர்த்தார். காறை எலும்புக்கு மேல் திறந்து பார்த்ததில் சி5இன் முனை தழும்பேறிக் கெட்டியாக இருந்தது. அதை நம்பிப் பாலம் போடுவதில்லை என்று அங்கேயே முடிவானது. கழுத்திலிருந்து தோளுக்கும் முதுகுக்கும் விரியும் ட்ரபீசியஸ் தசைக்குப் போகும் ஸ்பைனல் ஆக்சசரி நரம்பின் கீழ்க்கிளை, தோளைத் தூக்கத் தொடங்கிவைக்கும் சூப்ராஸ்கேப்புலர் நரம்போடு இணைக்கப்பட்டது. ட்ரைசெப்சின் ஒரு கிளை, தாய்லாந்தின் லீச்சவெங்வோங்ஸ் 2003இல் விவரித்த முறையில், டெல்டாய்டுக்குச் செல்லும் ஆக்சிலரி நரம்போடு இணைக்கப்பட்டது. ட்ரைசெப்ஸ் 4 வாங்கியிருந்ததால்தான் இது முடிந்தது. அதற்கும் கீழே இருந்தால் அதிலிருந்து கடன் வாங்கத் துணிவதில்லை.

முழங்கை மடக்கலுக்குச் செய்தது, பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஒபெர்லின் 1994இல் வெளியிட்ட உத்தி. கையின் உட்புறம் ஓடும் அல்நார் நரம்பின் உறையை நுண்ணோக்கியின் கீழ் திறந்தால், உள்ளே கற்றை கற்றையாக இழைகள். ஒவ்வொன்றையும் தனித்தனியே மின்முனையால் தொட்டார்கள். ஒன்றைத் தொட்டபோது விரல்கள் விரிந்தன; அதை விட்டுவிட்டார்கள். இன்னொன்றைத் தொட்டபோது விரல்கள் சும்மா இருக்க, மணிக்கட்டு மட்டும் மடங்கியது. மணிக்கட்டை மடக்க வேறு தசைகளும் உண்டு என்பதால் அந்தக் கற்றையே எடுக்கப்பட்டு, முடியினும் மெல்லிய நூலால் பைசெப்சின் நரம்புக் கிளையோடு தைக்கப்பட்டது. இதேபோல் முன்கைக்குச் செல்லும் மீடியன் நரம்பின் ஒரு கற்றை, முழங்கையை மடக்கும் இன்னொரு தசையான பிரேக்கியாலிசுக்குப் போனது.

அதன் பிறகு

நான்கு வாரங்கள் கை ஸ்லிங்கில் இருந்தது. அல்நார் நரம்பில் கற்றை எடுத்ததால் சுண்டுவிரலில் ஏற்பட்ட மரமரப்பு ஆறு வாரங்களில் நீங்கியது. பிடியின் வலு சற்றுக் குறைந்து மீண்டது. பின்னர் நீண்ட மௌனம். நரம்பு தையலைத் தாண்ட வேண்டும், வளர வேண்டும், தசையோடு சேர்ந்த பிறகும் இணைப்பு முதிர வேண்டும். அதுவரை வெளியே எதுவும் தெரியாது. இந்த மௌனத்தைத்தான் நோயாளிகள் தோல்வி என்று படித்துக்கொள்கிறார்கள். மூன்றாம் மாதம் இவர் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினார், தொலைபேசியை எடுக்கவில்லை. உளவியல் ஆலோசகர் தொடக்கத்திலேயே இவரைச் சந்தித்திருந்ததால், தம்பி மூலமாக மீண்டும் பேச முடிந்தது. உறக்கமின்மை, வேலை போன கவலை, எதிலும் பிடிப்பின்மை என்று மிதமான மனச்சோர்வு இருந்தது. அதற்கும் சிகிச்சை தொடங்கப்பட்டது. மனநலம் என்பது குழுவின் அலங்காரப் பகுதி என்று நினைக்கும் சக மருத்துவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இவர் வராமல் போன அந்த வாரங்களை அவர்கள் பார்த்திருக்க வேண்டும்.

அறுவைக்குப்பின் நான்காம் மாத இறுதியில், இயன்முறை மருத்துவர் அவர் உள்ளங்கையில் ஒரு மென்பந்தை வைத்து, மணிக்கட்டை உள்பக்கம் மடக்கியபடி இறுக்கச் சொன்னார். பைசெப்ஸ் நாணின்மேல் வைத்த விரலுக்கு அடியில் ஒரு துள்ளல். தசையின் மின்துடிப்பைக் காட்டும் ஈ.எம்.ஜி. கருவியின் திரையை அவர் பக்கம் திருப்பி, மறுபடி இறுக்கச் சொன்னார்கள். திரையில் கோடு எழுந்தது. அந்தத் தசைக்கு இப்போது கட்டளை கொடுப்பது மணிக்கட்டுக்கான நரம்பு. எனவே முதலில் மணிக்கட்டை நினைத்தால்தான் முழங்கை மடங்கும். பின்னர் இரண்டையும் சேர்த்து நினைக்க வேண்டும்; மாதக்கணக்கில் பழகிய பிறகு முழங்கையை மட்டும் நினைத்தாலே போதும். மூளை இந்தப் புது வழியைக் கற்க எடுத்துக்கொள்ளும் காலம் ஆளுக்கு ஆள் மாறும். இவருக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. பைசெப்ஸ் ஒன்பதாம் மாதம் 3ஐயும் பதினான்காம் மாதம் 4ஐயும் தொட்டது.

தோளின் கதை இவ்வளவு நன்றாக முடியவில்லை. பதினெட்டாம் மாதம் கையைப் பக்கவாட்டில் 80 பாகை தூக்க முடிந்தது. வெளிப்புறம் திருப்புவது மிகக் குறைவு. வயிற்றை ஒட்டியிருக்கும் முன்கையை நேர்முன்னே கொண்டுவர முடியும், அதற்கு மேல் போகாது. கட்டைவிரல் மரத்தே இருக்கிறது. வலி மாத்திரை இரவில் ஒருவேளை தொடர்கிறது. திருப்பும் அசைவைக் கூட்ட, மேற்கை எலும்பை அறுத்துத் திருப்பி வைக்கும் அறுவை ஒன்று உண்டு, அதை விளக்கினோம். இப்போதைக்கு வேண்டாம் என்றார். அது அவர் எடுக்க வேண்டிய முடிவு. பிந்தினாலும் கெடுதல் இல்லாத முடிவுகளில் அது ஒன்று.

லேத்துக்கு அவர் திரும்பவில்லை. சுழலும் இயந்திரத்தருகே உணர்வற்ற கட்டைவிரலும் மெதுவாக விலகும் தோளும் ஆபத்து என்று தொழில்வழிச் சிகிச்சையாளர் கருதினார். பணியிடத்தோடு பேசி, முடிந்த உருப்படிகளை அளந்து சரிபார்க்கும் வேலைக்கு மாறினார். கடைசியாக வந்தபோது, மைக்ரோமீட்டரை வலக்கையால் பிடித்துக் கண்ணருகே கொண்டுவருவது எப்படி என்று காட்டினார். முழங்கை மடங்கியது; தோள் பின்தங்கியதால் உடல் சற்று இடப்பக்கம் சாய்ந்தது. இயன்முறை மருத்துவர் அந்தச் சாய்வைக் குறித்துக்கொண்டு, பயிற்சித் தாளில் இருந்த எடைப் பயிற்சிகளை அடித்துவிட்டு, கண்ணாடி முன் நின்று உடலைச் சாய்க்காமல் கை உயர்த்தும் ஒரே பயிற்சியை எழுதினார். அடுத்த சந்திப்பு ஆறு மாதம் கழித்து.